மேடை, தொலைக்காட்சி, வீடியோ கேம்: எனக்குப் பிடித்தவை, பிடித்ததற்கான காரணங்கள்

கேள்வி இதுதான்: "சினிமா நிறையப் பார்த்தாகிவிட்டது. மேடை நாடகம், தொலைக்காட்சித் தொடர், வீடியோ கேம் ஆகிய மூன்றிலும் உங்களுக்கு மிகவும் பிடித்தவற்றைச் சொல்லுங்கள், ஏன் பிடிக்கும் என்பதோடு. கேம் விளையாடிப் பழக்கமே இல்லை. பல நாட்களில் பன்னிரண்டு வயது மகளும் கூட இருப்பாள்."

பிடித்தவை என்று மட்டும் எழுதத் தொடங்கினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதனால் ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்கிறேன். ஒரு படைப்பை அதன் வடிவத்திலிருந்து பிடுங்கி வேறு வடிவத்தில் நட்டால் அது பிழைக்குமா? பிழைக்கும் என்றால் நல்ல கதை, அவ்வளவுதான்; எங்கே பார்த்தாலும் சரி. பிழைக்காது என்றால்தான் எனக்கு ஆர்வம் பிறக்கிறது. மேடையில் நடிகரும் நாமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறோம், எந்த நொடியும் ஏதாவது தவறலாம். தொலைக்காட்சிக்குக் காலம் இருக்கிறது. வாரக்கணக்கில், சில சமயம் பல பத்தாண்டுகள் நம்மோடு நடந்து வர அதனால் முடியும். கேமில் நடப்பதை நடத்துவது நம் கை. சினிமாவில் ஊறிய உங்களுக்கு, சினிமாவால் தர முடியாததைத் தருகிறவைதான் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மேடையிலிருந்து தொடங்குகிறேன். ஒரே ஒரு நாடகம்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் தயங்காமல் 'நாய்சஸ் ஆஃப்' என்பேன். மைக்கேல் ஃப்ரேன் எழுதி, 1982-ல் லண்டனின் லிரிக் ஹாமர்ஸ்மித் அரங்கில் முதலில் மேடையேறியது. ஒரு சுமாரான நாடகக் குழு, கதவுகளைப் படார் படார் என்று திறந்து மூடும் நகைச்சுவை நாடகம் ஒன்றை ஊர் ஊராகப் போடுகிறது. அந்த உள்நாடகத்தின் முதல் அங்கத்தை நாம் மூன்று முறை பார்க்கிறோம். முதல் முறை, அரங்கேற்றத்துக்கு முந்தைய இரவு நடக்கும் ஒத்திகையில். வசனம் மறக்கிறது, கதவு சிக்குகிறது, மத்தி மீன் தட்டை எப்போது எடுத்துப் போக வேண்டும், எப்போது வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு நடிகைக்கு நினைவில் நிற்கவே இல்லை. இயக்குநர் இருட்டில் உட்கார்ந்து கத்துகிறார்.

இரண்டாம் அங்கத்தில், மேடையில் போட்டிருக்கும் வீட்டு செட் முழுவதும் அப்படியே திரும்பி நிற்கும். ஒரு மாதம் கழிந்துவிட்டது. நாம் இப்போது மேடைக்குப் பின்னால் இருக்கிறோம். அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத பார்வையாளர்களுக்கு நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் நடிகர்களுக்குள் காதல், பொறாமை, அடிதடி எல்லாம். ஆனால் சத்தம் போட முடியாது, போட்டால் முன்னால் கேட்டுவிடும். அதனால் கோடரியை ஓங்குவதும் பிடுங்குவதும் பழிவாங்குவதும் பெரும்பாலும் ஊமைக்கூத்தாகவே நடக்கிறது, நடுவில் சரியான நொடியில் கதவைத் திறந்து புன்சிரிப்போடு 'மேடைக்கு' ஓடவும் வேண்டும். மூன்றாம் அங்கத்தில் மறுபடி முன்பக்கம், பயணத்தின் கடைசி நாட்கள், எல்லாம் சிதறிப் போன நிலை. எந்த வசனம் எங்கே வர வேண்டும் என்று இதற்குள் நமக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு தவறும் சிரிப்பாக வெடிக்கிறது.

1970-ல் ஃப்ரேன் தன் வேறொரு நாடகத்தை மேடையின் பக்கவாட்டு மறைவிலிருந்து பார்த்தாராம். முன்னாலிருந்து பார்த்ததைவிட அங்கிருந்து பார்ப்பது அதிகச் சிரிப்பாக இருந்தது; விதை அதுதான். 1992-ல் இது சினிமாவாகவும் வந்தது, நடித்தவர்கள் எல்லோரும் திறமைசாலிகள். ஆனால் கேமரா ஒரு நேரத்தில் ஒரு மூலையைத்தான் காட்டும். மேடையில் ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் ஏழெட்டு வேலை செய்ய, யாரைப் பார்ப்பது என்று நம் கண்ணே அலைபாய்கிறதே, அந்தத் திணறல் படத்தில் இல்லை. அதற்கு மேல் இன்னொன்று: இங்கே தவறுவது போல நடிப்பவர்கள் ஒரு நொடி உண்மையிலேயே தவறினால் அடிபடும். அந்த ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரிகிறது. எனக்கு மேடையின் மீது காதல் என்றால் அது இந்த இடத்தில்தான்.

அதே ஃப்ரேன் எழுதிய 'கோபன்ஹேகன்' முற்றிலும் வேறு குணம். 1998-ல் வந்தது. மேடையில் மூன்றே பேர்: இயற்பியலாளர் நீல்ஸ் போர், அவர் மனைவி மார்கரெத், முன்னாள் சீடர் ஹைசன்பர்க். 1941-ல் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த டென்மார்க்குக்கு ஹைசன்பர்க் வந்து நீல்ஸ் போரைச் சந்தித்தது வரலாறு. அங்கே அவர் என்ன கேட்டார், அணுகுண்டு பற்றி எதைச் சொல்ல வந்தார் என்பது மட்டும் தீராத வழக்கு. இறந்துபோன மூவரும் ஆவிகளாகத் திரும்பி வந்து, அந்த ஒரு மாலையைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு விடை. கேட்க வறட்டுத்தனமாக இருக்கலாம், பார்க்கும்போது துப்பறியும் கதையின் வேகம் இருக்கும். இந்த நாடகம் கிளப்பிய விவாதத்தின் விளைவாக, நீல்ஸ் போர் எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடித வரைவுகளை அவர் குடும்பம் திட்டமிட்டதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, 2002-ல் வெளியிட்டது. ஒரு நாடகத்தால் வரலாற்று ஆவணம் வெளியே வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

மகளோடு பார்க்க வேண்டுமானால் 'வார் ஹார்ஸ்'. 2007-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் தொடங்கியது. முதல் உலகப் போருக்கு விற்கப்பட்ட ஒரு குதிரையும் அதைத் தேடிப்போகும் பையனும். தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு செய்த அசல் குதிரை அளவுள்ள பொம்மைதான் நாயகன். ஒருவர் தலையையும், ஒருவர் முன்னுடலையும், ஒருவர் பின்னுடலையும் இயக்குகிறார்கள். மூவரும் மறைவதே இல்லை, நம் கண்முன்னே நிற்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் அவர்களைப் பார்ப்பீர்கள். அப்புறம் குதிரை மட்டும்தான் தெரியும். காரணம் நடையோ ஓட்டமோ இல்லை, மூச்சு. பொம்மை சும்மா நிற்கும்போதும் மூச்சு விடுகிறது, சத்தம் வந்த பக்கம் காது திரும்புகிறது. மீதியை நம் மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. அசல் குதிரையைக் கொண்டுவந்து படம் எடுத்தால் இந்த நம்பிக்கை விளையாட்டுக்கு இடமே இல்லை.

நேரில் போய்ப் பார்க்க வழியில்லாதவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நேஷனல் தியேட்டர் 2009 முதல் நாடகங்களைப் பல கேமராக்கள் வைத்துப் பதிவு செய்து திரையரங்குகளுக்கு அனுப்புகிறது. சிலவற்றை இணையத்திலும் பார்க்கலாம். பதிவு என்பது இரண்டாம்பட்சம்தான். ஆனாலும் பதிவைப் பார்க்கிறோம் என்ற நினைவோடு, அறையை இருட்டாக்கி, போனைத் தூர வைத்துவிட்டு, இடைவேளை வரை நிறுத்தாமல் பாருங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நாடகம் செத்துவிடும். அதைவிட முக்கியம், உங்களுக்கு எட்டும் தூரத்தில் எந்தக் குழு எந்த நாடகம் போட்டாலும் ஒருமுறை போய் முன்வரிசையில் உட்காருங்கள். மேடையின் ருசி அங்கேதான் பிடிபடும்.

மேடையிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் வழியில் 'ஃபிளீபேக்' நிற்கிறது. ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 2013-ல் எடின்பரோ விழாவில் ஒற்றை ஆளாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நடித்த நாடகம் இது. 2016-லும் 2019-லும் ஆறாறு அத்தியாயங்களாகத் தொடரானது. நாடகத்தில் நாயகி பார்வையாளர்களிடம் பேசுவாள்; தொடரில் கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். நமக்கு இது புதிதல்ல. நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் கதைக்குள்ளும் இருப்பான், நம்மோடும் பேசுவான். முதல் பருவம் முழுக்க அந்தப் பார்வைகளை நகைச்சுவை உத்தி என்று நினைத்துப் பழகிவிடுகிறோம். இரண்டாம் பருவத்தில் இன்னொரு பாத்திரம் அந்தப் பழக்கத்தைத் தொடும்போது, அவள் ஏன் இத்தனை நாள் நம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள் என்பது விளங்கி நெஞ்சு கனக்கும். வாரவாரம் பழகிய பழக்கம் இல்லாவிட்டால் அந்த இடம் அப்படித் தாக்காது. இது பெரியவர்களுக்கான தொடர். மகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

தொலைக்காட்சி என்ற வடிவத்தின் சிகரம் எது என்று கேட்டால், நான் கதைத்தொடர் எதையும் சொல்லமாட்டேன். 'அப்' வரிசை ஆவணப்படங்களைத்தான் சொல்வேன். 1964-ல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி ஏழு வயதுக் குழந்தைகள் பதினான்கு பேரைப் பேட்டி எடுத்து 'செவன் அப்' என்று ஒளிபரப்பியது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள், காப்பகத்தில் வளர்ந்தவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். பிறக்கும் வர்க்கமே வாழ்க்கையைத் தீர்மானிக்கிறதா என்பது கேள்வி. அந்த ஒருமுறையோடு முடிய வேண்டியது. அதில் உதவியாளராக வேலை செய்த மைக்கேல் ஆப்டெட், ஏழு ஆண்டு கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் போனார். அப்புறம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை, 2019-ல் அவர்கள் அறுபத்து மூன்று வயதைத் தொடும் வரை அது நிற்கவில்லை. ஆப்டெட் 2021-ல் காலமானார்.

குதிரைப் பந்தய ஜாக்கி ஆவேன் என்ற சுட்டிப் பையன் கொஞ்சநாள் குதிரை ஓட்டிவிட்டு, பிறகு லண்டன் டாக்ஸி ஓட்டுநராகிறான். துள்ளிக் குதித்துப் பேசிய இன்னொரு சிறுவன் இருபத்தெட்டு வயதில் வீடில்லாமல் ஸ்காட்லாந்தில் அலைகிறான். அந்த அத்தியாயம் முடியும்போது அவனுக்கு என்ன ஆகுமோ என்ற கவலை நம்மை விடாது. ஏழு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பின்னாளில் அவர் உள்ளாட்சி உறுப்பினராகிறார். ஒவ்வொரு பகுதியிலும் பழைய பேட்டித் துண்டுகள் திரும்ப வரும். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று ஒரே முகம் சில நொடிகளில் மூத்துப்போகும். எந்த ஒப்பனையாளராலும் இதைச் செய்ய முடியாது. குறையும் உண்டு: பதினான்கு பேரில் நான்கு பேர்தான் பெண்கள். பெண்களின் வேலை, வாழ்க்கை எல்லாம் தலைகீழாக மாறிய ஐம்பது ஆண்டுகள் அவை என்பதால் அது பெரிய இழப்பு. ஆப்டெட்டும் அதற்காக வருந்தியிருக்கிறார். பங்கேற்றவர்களே கேமரா முன்னால் அவரிடம் சண்டைக்கும் போவார்கள். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார் என்பதற்காகவே இந்த வரிசையை நம்புகிறேன். வரிசையாகப் பாருங்கள், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். மாதத்துக்கு ஒன்று போதும்.

அடுத்தது மனசுக்கு இதமான ஒன்று, 'கொலம்போ'. துப்பறியும் தொடர்தான், ஆனால் கொலைகாரன் யார் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள். பணமும் படிப்பும் மிடுக்கும் உள்ள ஒருவர் கச்சிதமாகக் கொலை செய்வதைப் பார்த்துவிடுகிறோம். கதை கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் கசங்கிய மழைக்கோட்டோடு, துப்பறிவாளர் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் மெல்ல உள்ளே வருவார். கொலைகாரர் அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டார். யார் செய்தது என்ற கேள்வி போனபின் மிச்சமிருப்பது, இந்த மனிதர் அந்த மனிதரை எப்படிப் பிடிக்கப்போகிறார் என்பதுதான். ஆக ஒவ்வொரு அத்தியாயமும் இரண்டு பேர் மோதும் ஒரு நீண்ட உரையாடல். விடைபெற்றுக் கதவு வரை போய், திரும்பி, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பார் பாருங்கள், அந்த இடத்துக்காகவே காத்திருப்போம்.

அந்தத் திரும்பல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் மேடைதான் நினைவுக்கு வருகிறது. ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் கொலம்போவை வைத்து எழுதிய நாடகம் 1962-ல் மேடையேறியது. 1968-ல் அதுவே ஃபால்க் நடித்த முதல் தொலைக்காட்சிப் படமானது, 1971-ல் தொடராகத் தொடங்கியது. தொடரின் முதல் அத்தியாயத்தை இயக்கியவர் அப்போது இருபத்தைந்து வயதைக்கூட எட்டாத ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அந்தக் காலத்து வேகம் மெதுவாகத்தான் இருக்கும்; பத்து நிமிடம் பொறுத்தால் பழகிவிடும். ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, எல்லாவற்றுக்கும் மேலாக, பணிவும் பொறுமையும் உள்ளவர் ஜெயிக்கிறார். எளிய தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் கடைசியில் தோற்பதைப் பார்ப்பதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை.

'தி வயர்' பற்றிச் சுருக்கமாக. 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்கள், அறுபது அத்தியாயங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைப் போதைப்பொருள் வியாபாரம், துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், செய்தித்தாள் என்று பருவத்துக்கு ஒரு பக்கமாகத் திறந்து காட்டுகிறது. எழுதிய டேவிட் சைமன் குற்றச்செய்தி நிருபராக இருந்தவர்; கூட எழுதிய எட் பர்ன்ஸ் போலீஸிலும் பள்ளியிலும் வேலை பார்த்தவர். அதனால் பொய் வாடையே இல்லை. முதல் மூன்று அத்தியாயங்கள் யார் யார் என்றே புரியாது. நான்காவது வரை விடாமல் பாருங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிய நான்காம் பருவம் தொலைக்காட்சியில் நான் கண்டவற்றில் மிக வலிமையானது. அத்தனை நேரம் இல்லை என்றால் 2019-ல் வந்த 'செர்னோபில்', ஐந்தே அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தில் நீதிமன்றத்தில் சிவப்பு, நீல அட்டைகளை மாற்றி மாற்றிச் செருகி, அணு உலை ஏன் வெடித்தது என்பதை ஒருவர் விளக்குவார். இயற்பியல் பாடம் ஒன்று இதயத்துடிப்பை ஏற்றுவது அபூர்வம். அதில் வரும் பெண் விஞ்ஞானி பல பேரை ஒன்றாக்கிய கற்பனைப் பாத்திரம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேம். பழக்கமில்லை என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் உங்கள் போனிலிருந்தே தொடங்குவோம். 'ஃப்ளோரன்ஸ்' 2018-ல் வந்தது, முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஃப்ளோரன்ஸ் என்ற இளம்பெண், கிருஷ் என்ற செல்லோ வாசிப்பவன், அவர்களின் முதல் காதல். வசனம் ஏறக்குறைய கிடையாது. முதல் சந்திப்பில் அவள் பேச, துண்டுகளை ஒட்டிப் பேச்சுக்குமிழியை நீங்கள் உருவாக்க வேண்டும். ஆரம்பத்தில் துண்டுகள் நிறைய. பழக்கம் நெருங்க நெருங்கத் துண்டுகள் குறைகின்றன, கடைசியில் ஒரே துண்டு. பேசுவது எளிதாகிவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை, விரல் உணர்ந்துவிட்டது. பின்னால் சண்டை வரும்போது துண்டுகள் கூர்கூராக மாறும், அவசரமாகவும் ஒட்ட வேண்டும். அவன் அவள் வீட்டுக்கு வரும்போது, அவனுடைய பொருளை வைக்க அலமாரியிலிருந்து அவளுடைய எந்தப் பொருளை எடுப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கேம் என்றால் சுடுவது, ஓடுவது என்ற எண்ணம் இருந்தால் இந்த ஒரு மணி நேரம் அதை மாற்றிவிடும்.

இதே அளவுள்ள இன்னொன்று 'வெண்பா', 2023. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை, செய்தவர்கள் டொராண்டோவின் விசை கேம்ஸ். அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டில் விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதுதான் புதிர். நம் மொழி ஒரு கேமின் உயிராகவே இருப்பதை இதில்தான் பார்த்தேன். 2024-ல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தபோது எனக்கு உண்டான பெருமையை மறைக்க விரும்பவில்லை.

கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடிக்கத் தயாரானதும் 'ஜர்னி'. 2012-ல் வந்தது, இப்போது கணினியிலும் கிடைக்கும். பரந்த பாலைவனம், தூரத்தில் ஒரு மலை, அங்கே போக வேண்டும். இணைய இணைப்பு இருந்தால் வழியில் இன்னொரு பயணி தென்படுவார். அவரும் எங்கோ உட்கார்ந்து விளையாடும் ஓர் உண்மையான மனிதர்தான். பெயர் தெரியாது, பேச முடியாது. ஒரு சின்ன ஒலி எழுப்பலாம், அவ்வளவுதான். ஆரம்பக் கட்ட முயற்சிகளில் ஒருவரையொருவர் தள்ள முடிந்ததாம்; ஆட்கள் உதவுவதை விட்டுவிட்டுத் தள்ளிவிட்டே விளையாடினார்களாம். அதைப் பார்த்த இயக்குநர் ஜெனோவா சென் தள்ளும் வசதியையே எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்றாலே இருவருக்கும் பறக்கும் சக்தி நிரம்பும் என்று மாற்றினார். முன்பின் தெரியாதவர்கள் பனிக்காற்றில் ஒட்டி ஒட்டி நடப்பது அந்த மாற்றத்தின் பலன். விதியை மாற்றினால் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது என்பதை இவ்வளவு அழகாகக் காட்டிய வேறொன்று எனக்குத் தெரியாது. கூட வந்தவரின் பெயர் எல்லாம் முடிந்த பிறகுதான் திரையில் வரும்.

'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்', 2017. பல பேர் அகாலத்தில் இறந்த ஒரு குடும்பம், அவர்களின் விசித்திரமான வீடு, ஆளுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கதை. அதில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்பவனின் பகுதி ஒன்று இருக்கிறது. வலது கையால் மீனை எடுத்து வெட்டுக்கத்தியில் வைத்து, தள்ளிவிட்டு, மறுபடி எடுத்து என்று அதே வேலை. இடது கை அவன் காணும் பகற்கனவில் அவனை நடத்திச் செல்கிறது. கனவு பெரிதாகிக்கொண்டே போய்த் திரை முழுவதையும் மூடுகிறது. வலது கை மட்டும் யோசிக்காமல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அலுப்பான வேலையிலிருந்து ஒருவன் மனம் எப்படி நழுவிப்போகிறது என்பதைப் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டிருக்கிறேன். கையால் தெரிந்துகொண்டது இங்கேதான். குழந்தைகளின் மரணமும் வருவதால் இது மகளுக்கு வேண்டாம்.

கொலம்போ பிடித்துவிட்டால் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' உங்களுக்காகவே செய்தது. லூகாஸ் போப் என்பவர் ஏறக்குறைய தனியாளாக உருவாக்கி 2018-ல் வெளியிட்டார். காணாமல் போன கப்பல் ஒன்று ஆளில்லாமல் 1807-ல் கரை ஒதுங்குகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த அறுபது பேரில் ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார்கள், செத்திருந்தால் எப்படி, யாரால் என்று கண்டுபிடித்து ஏட்டில் எழுத வேண்டும். கையில் ஒரு மந்திரக் கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் சாவின் நொடி மட்டும் உறைந்த காட்சியாக நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம். பேச்சின் சாயல், உடை, படுக்கைத் தொட்டிலின் எண் என்று எல்லாமே தடயம். மூன்று பேரின் விதியைச் சரியாக எழுதினால்தான் கேம் உறுதி செய்யும். அதனால் குருட்டாம்போக்கில் ஊகித்து ஒப்பேற்ற முடியாது. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன படம் முதலில் கண்ணை உறுத்தும், பிறகு அதைத் தவிர வேறு எப்படியும் இந்தக் கதையை நினைக்கத் தோன்றாது.

எல்லாவற்றுக்கும் மேலே 'அவுட்டர் வைல்ட்ஸ்', 2019. மூன்று வடிவங்களையும் சேர்த்து ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை எடுத்துக்கொள்வேன். ஒரு மாணவரின் முதுகலை ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது இது. சின்னஞ்சிறு சூரியக் குடும்பம், ஒரு மரக்கட்டை விண்கலம், நீங்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருபத்திரண்டு நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழியும், நீங்கள் மறுபடி தொடக்கத்தில் கண்விழிப்பீர்கள். ஒரு கோளிலிருந்து பக்கத்துக் கோளுக்கு மணல் ஓயாமல் கொட்டும், நேரம் ஆக ஆக ஒன்றில் குகைகள் வெளிப்படும், இன்னொன்றில் புதையும். வேறொரு கோள் தன் நடுவில் இருக்கும் கருந்துளைக்குள் துண்டு துண்டாக உதிரும். அதனால் எங்கே போகிறோம் என்பதோடு எப்போது போகிறோம் என்பதும் முக்கியம்.

இதில் ஆயுதம் கிடையாது, பலம் கூடாது, புதிய சக்தி எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் மிஞ்சுவது நீங்கள் அறிந்துகொண்டது ஒன்றுதான். கடைசி ரகசியத்துக்கான வழி முதல் நிமிடத்திலேயே திறந்துதான் கிடக்கிறது, தெரியாததால் போகவில்லை. பூட்டு முழுவதும் உங்கள் அறியாமையில் இருக்கிறது. அதனால்தான் இதை வாழ்நாளில் ஒருமுறைதான் விளையாட முடியும். தெரிந்ததை மறக்க வழியில்லையே. இடையில் தொலைநோக்கி போன்ற ஒரு கருவியை வானத்தை நோக்கித் திருப்பினால், கோளுக்கு ஒருவராகச் சிதறி இருக்கும் பயணிகள் வாசிக்கும் இசை கேட்கும், ஒருவர் பாஞ்சோ, ஒருவர் மத்தளம், ஒருவர் புல்லாங்குழல். சரியான இடத்தில் நின்றால் எல்லாம் ஒரே பாட்டாகச் சேரும். இதற்கு மேல் சொன்னால் உங்களிடமிருந்து எதையோ பறிக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு எச்சரிக்கை மட்டும்: விண்கலத்தை ஓட்டப் பழகும்வரை முட்டி மோதிச் சாவீர்கள், அது பரவாயில்லை. மாட்டிக்கொண்டால் இணையத்தில் விடை தேடாதீர்கள். கலத்திலேயே இருக்கும் குறிப்புப் பலகையில் இன்னும் பார்க்காத இடம் எது என்று பாருங்கள்.

மகளோடு பார்ப்பதற்கு என்று பிரித்துச் சொல்கிறேன். 'வார் ஹார்ஸ்', 'கொலம்போ', 'ஜர்னி', 'வெண்பா' நான்கும் தயங்காமல். 'நாய்சஸ் ஆஃப்'பில் பெரியவர்களின் கிண்டல் கொஞ்சம் உண்டு, ஆனால் அவள் சிரிக்கப் போவது விழுந்து எழுவதற்குத்தான். 1980-களில் தூர்தர்ஷனில் வந்த சங்கர் நாக்கின் 'மால்குடி டேஸ்' அவள் பார்க்கவில்லை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எல். வைத்தியநாதனின் அந்த முகப்பு இசை ஒருமுறை கேட்டால் போகாது. 'தி வயர்', 'ஃபிளீபேக்', 'செர்னோபில்', 'ஓப்ரா டின்' நான்கும் அவள் வளரும்வரை காத்திருக்கட்டும். 'அவுட்டர் வைல்ட்ஸ்' அவளுக்கும் ஏற்றது. ஒரே கருவியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சேர்ந்தே விளையாடுங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் குறிப்பெழுதலாம். தனித்தனியாகத்தான் விளையாட வேண்டும் என்று இருவரும் ஆசைப்பட்டால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.